பெரியம்மாவுக்குச் சொல்லவேண்டாம்

ஜெனிற்றா இறந்து நூற்றிருபத்தொரு மணித்தியாலங்கள் ஆகியிருந்தன. பெரியம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை ஏதோ எழுதுறாள்" என்றார்.

நிஷானி கட்டிலருகே சூப் கோப்பையோடு நின்றாள். அவளுடைய இரண்டு கைகளும் கோப்பையைப் பிடித்திருந்தன.

"எங்க பெரியம்மா?"

"இஞ்ச, பேருக்குக் கீழ. எழுதிக்கொண்டிருக்கிறாள் எண்டு காட்டுது பார்."

வட்டத்துக்குள் ஜெனிற்றாவின் சிரித்த முகம். பக்கத்தில் அவள் பெயர். அதன் கீழே, யாராவது எழுதும்போது மட்டும் தோன்றும் அந்தச் சின்னப் பச்சை எழுத்து வந்தது, போனது, மறுபடி வந்தது. பிறகு நின்றுவிட்டது. செய்தி ஒன்றும் வரவில்லை.

"விட்டிட்டாள்," என்றார் பெரியம்மா. "அங்க இப்பதான் காலமை. நித்திரை முறியேல்லையாக்கும்."

நிஷானி கோப்பையைச் சின்ன மேசையில் வைத்தாள். கரண்டி விளிம்பில் பட்டு ஒலித்தது. நான்கு நாட்களாக ஜெனிற்றாவின் பெயரில் இந்தப் போனுக்கு வந்த ஒவ்வொரு சொல்லையும் எழுதியவள் அவள்தான். எழுதுகிற மடிக்கணினி கொரிடோருக்கு அந்தப் பக்கம், ஜெனிற்றாவின் அறையில் மூடிக் கிடந்தது.

அவர்கள் குடியிருக்கும் நோபல் பார்க்கில் அவர்களை அறிந்த எல்லோருக்கும் விஷயம் தெரியும். மன்னாரில் தெரியும், லண்டனில் தெரியும், ரொறன்ரோவில் தெரியும். ஜெனிற்றாவின் தாய்க்கு மட்டும் தெரியாது. பெரியம்மாவுக்கு இதய வால்வு மாற்றி மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. நெஞ்சின் நடுவே தையல் இன்னும் சிவப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தபோது பெரியப்பா கொட்பிறி குசினிக் கதவைச் சாத்திவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "பெரியம்மாவுக்குச் சொல்லவேண்டாம். அவளின்ரை பெட்டி வந்து சேரட்டும். பங்குச் சுவாமியும் டொக்டரும் பக்கத்தில நிக்கேக்க சொல்லுவம்."

யாரும் மறுக்கவில்லை. அவர்களுடைய ஆட்களில் சாவைச் சாவு என்று உடனே சொல்கிற வழக்கம் இல்லை. முதலில் சுகமில்லை என்பார்கள். பிறகு கொஞ்சம் கடுமை என்பார்கள். கேட்பவர் வீட்டு வாசலுக்கு வந்து, கூட்டத்தைக் கண்டு, தானாகவே அறிந்துகொள்ள வேண்டும். கண்ணீர் அஞ்சலிப் படம் ஒருவரும் முகநூலில் போடக்கூடாது என்று மூன்று நாடுகளுக்குத் தகவல் போயிற்று.

ஆனால் ஜெனிற்றா பயணம் போன நாளிலிருந்து தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு, அங்கே காலை பத்து மணிக்கு, தாய்க்கு எழுதுகிறவள். அது நின்றால் பெரியம்மா கேட்பார். அவள் விட்டுச்சென்ற மடிக்கணினியில் வாட்ஸப் திறந்தபடியே இருந்தது.

"அவளைப்போல எழுத உனக்குத்தான் வரும் பிள்ளை," என்றார் பெரியப்பா. "கொஞ்ச நாளைக்கு."

நிஷானிக்குப் பதின்மூன்று வயதில் தாய் போய்விட்டாள். மன்னாரிலிருந்து அவளை இங்கே எடுத்து, பள்ளிக்கூடம் சேர்த்து, பட்டம் வாங்கும்வரை பார்த்துக்கொண்டவர் பெரியம்மா. இன்னொரு தடவை தாயை இழக்க அவளால் முடியாது. அதனால் எழுதினாள்.

அவள் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். நிச்சயமில்லாத எதையும் எழுதாமல் விடுவது அவளுக்குப் பழக்கம். அல்மெரியா என்ற அந்த ஸ்பானியக் கடற்கரை நகரத்தைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசித்தாள். எல்லோரும் பார்சிலோனாவுக்குப் போகிறார்கள், நான் ஒருத்தரும் போகாத ஊருக்குப் போகிறேன் என்று ஜெனிற்றா சொன்னபோது, "ஒருத்தரும் போகாததுக்கு ஏதும் காரணம் இருக்கும் எல்லோ" என்று பெரியம்மா பகிடி விட்டது நினைவிருந்தது. அந்த ஊரில் ஒரு குன்று, குன்றின்மேல் சோனகர் கட்டிய கோட்டை, கீழே வெள்ளை வீடுகள். கடற்கொள்ளையருக்குப் பயந்து கோட்டை மாதிரியே கட்டிய ஒரு தேவாலயம். முன்னொரு காலம் கப்பல்களுக்குத் தாது ஏற்றிய ஒரு பெரிய இரும்புப் பாலம், கடலுக்குமேல் பாதியில் முடிந்து நிற்கிறது. ஒரு கிளாஸ் குடிக்க வாங்கினால் சின்னத் தட்டில் சாப்பாடு சும்மா வரும். நகரத்தை ஒட்டியே நீளமான கடற்கரை.

பயணத்தின் நான்காம் நாள், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜெனிற்றா அந்தக் கடற்கரையில் இறங்கினாள். தண்ணீருக்குள் படம் எடுப்பதற்காகப் போனை ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தாள். அடுத்த நாள் விடியற்காலை அலை அவளைக் கரையில் விட்டது. போனை மட்டும் திருப்பித் தரவில்லை.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு நிஷானி ஜெனிற்றாவின் அறைக்குள் போனாள். யூலை மாதம், இங்கே குளிர்காலம், வெளியே ஏற்கெனவே இருட்டு. வீட்டின் சூடாக்கி பின்னேரம் முழுவதும் நிறுத்தப்பட்டிருந்தது, ஆனாலும் கம்பளத்தில் பதித்திருந்த சூட்டுக்காற்றுத் துவாரத்திலிருந்து மெல்லிய காற்று வந்துகொண்டிருந்தது. வந்தது, நின்றது, மறுபடி வந்தது, ஆள் ஒருவர் கீழே படுத்துக்கொண்டு மூச்சு விடுவதைப் போல. அது வழக்கமான தூசி மணமாக இல்லை. ஈரமாக இருந்தது. பாசியும் உப்பும் இரும்பும் கலந்த, மன்னார்ப் பாலத்தடியில் வள்ளங்கள் கட்டும் இடத்து மணம். குழாய் எங்கேயோ ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மடிக்கணினியைத் திறந்தாள். விசைகளுக்கிடையில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டால் நறநறத்தது.

அவள் எழுதினாள்:

"அம்மா இண்டைக்கு இஞ்சத்தை மாதா கோயிலுக்குப் போனனான். கனகாலத்துக்கு முதல் இந்த மாதாவின்ரை சுரூபத்தைக் கடற்கரையிலதான் கண்டெடுத்தவையாம். காவல் நிண்ட ஒராள் காலமை பாக்க, கரையில கிடந்ததாம். இப்ப ஊருக்கே அவதான் காவல். உங்களுக்காகவும் மெழுகுதிரி கொளுத்தினனான். மருந்து குடிச்சீங்களோ?"

கொரிடோருக்கு அப்பால் பெரியம்மாவின் போன் ஒலித்தது. பதில் மெதுவாக வந்தது. பெரியம்மா ஒரு விரலால் எழுதுகிறவர்.

"எப்ப பிள்ளை வாறாய்"

நிஷானி எழும்பிப் போய், கராஜில் பழைய துணிப் பெட்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்த பெரியப்பாவிடம் கேட்டாள். வருகிறவர்களுக்குக் கதிரை போட இடம் வேண்டும் என்று அவர் அந்த வேலையில் இறங்கியிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கெதியா வாறன் எண்டு எழுது. வரத்தானே போறாள்."

அவள் வந்து எழுதினாள். "கெதியா வாறன் அம்மா. வீட்டைதான் வாறன்."

அனுப்பியதும் துவாரத்துக் காற்று நின்றது. வீடு முழுவதும் நின்றதைப் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பவளம் அன்ரி வந்தார். இரண்டு தெரு தள்ளி இருப்பவர், பெரியம்மாவோடு கோயிலில் பாட்டுக்குழுவில் நின்றவர். வாசலில் நிஷானியைக் கட்டிப்பிடித்து ஓசையில்லாமல் அழுதார், பிறகு முகத்தைத் துடைத்து, சிரிப்பு ஒன்றை ஒட்டிக்கொண்டு அறைக்குள் போனார்.

"என்ன பவளம், கண் சிவந்து கிடக்கு?"

"வெங்காயம் உரிச்சனான் றோசலின்."

"டண்டினோங் சந்தை வெங்காயம் முழுக்க நீயோ உரிச்சனி?"

பவளம் அன்ரி சிரிக்கப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகப் போயிற்று. "ஓமப்பா. மருமேளுக்கு ஒரு வேலையும் தெரியாது."

"ஜெனி நேற்றும் எழுதினவள்," என்றார் பெரியம்மா. "அங்கத்தைத் தண்ணி மேல சூடாம். காலடியில குளிராம். கீழ போகப் போகக் குளிர்தானாம்."

பவளம் அன்ரி நிஷானியைப் பார்த்தார். நல்லாத்தான் கதை எழுதுகிறாய் என்ற மெச்சுதல் அந்தப் பார்வையில் இருந்தது. நிஷானி அதை எழுதவில்லை.

பெரியம்மா இருமினார். அது நேற்றைய இருமல் இல்லை. நெஞ்சுக்குள் தண்ணீர் குலுங்குகிற இருமல். போர்வைக்கு வெளியே தெரிந்த கணுக்கால்கள் வீங்கிப் பளபளத்தன. நிஷானி விரலால் அழுத்தினாள். குழி விழுந்து அப்படியே நின்றது. நுரையீரலில் நீர் சேர்கிறது. அவளுக்கு அது புரிந்தது. வைத்தியசாலைக்கு அழைத்தாள், நீரை வெளியேற்றும் மாத்திரையைக் கூட்டிக் கொடுங்கள், மூச்சு முட்டினால் உடனே கொண்டுவாருங்கள் என்றார்கள். பெரியம்மா இருமி வாய் துடைத்த கைக்குட்டையைத் தோய்க்க எடுத்தபோது அது காய்ந்து விறைத்திருந்தது. மடிப்புகளில் வெள்ளைப் பொடி.

அன்று ஆறு மணிக்கு அவள் எழுதப் போகவில்லை. எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்று பார்க்க நினைத்தாள். குசினியில் நின்று பாத்திரம் கழுவினாள். ஆறு அடித்து இரண்டு நிமிடம். பெரியம்மாவின் போன் ஒலித்தது.

நிஷானி ஈரக்கையோடு ஜெனிற்றாவின் அறைக்கு ஓடினாள். மடிக்கணினி திறந்திருந்தது. அவள் மூடிவிட்டுப் போனது. திரையில் ஜெனிற்றாவின் பக்கத்திலிருந்து ஒரு குரற்பதிவு போயிருந்தது.

காதில் மாட்டிக்கொண்டு அழுத்தினாள்.

முதலில் சத்தம் ஒன்றும் இல்லை என்று தோன்றியது. பிறகு அது சத்தமின்மை அல்ல, பெரிய தண்ணீரின் உட்பக்கம் என்று தெரிந்தது. தூரத்தில் சங்கிலி ஒன்று எதிலோ உரசியது. குமிழிகள் எழுந்தன. அதற்குள்ளிருந்து, மிகவும் கிட்டத்தில், காய்ச்சல்காரியின் குரல் மாதிரி:

"அம்மா... மாதாவைக் கரையில கண்டெடுத்தவை எண்டு சொன்னனான் எல்லோ. என்னையும் அப்பிடித்தான் தூக்கினவை. இஞ்ச நல்ல குளிர் அம்மா. பெரிய அலுமாரி மாதிரி ஒண்டுக்க விட்டிருக்கினம். அண்ணா வந்தவன். கண்ணாடிக்கு வெளியில நிண்டு பாத்தவன். நான் கூப்பிட்டனான். அவன் என்னோட கதைக்கேல்லை. எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லுகினம் இல்லை அம்மா. நான் வாறன் எண்டு சொன்னனான்தானே. வாறன்."

நிஷானி காதிலிருந்து கழற்றினாள். கையில் ஈரம். அவளுடைய கை ஈரமாகத்தான் இருந்தது, பாத்திரம் கழுவினவள். நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

பெரியம்மாவின் அறையிலிருந்து அதே குரற்பதிவின் ஓசை வந்தது. கதவிடுக்கால் பார்த்தாள். பெரியம்மா போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

அவள் பின்வளவுக்குப் போய், குளிரில் நின்று, அல்மெரியாவில் இருந்த சுஜீதனை அழைத்தாள். ஜெனிற்றாவின் அண்ணன். செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தவன்.

"போன் கிடைச்சதே அண்ணா?"

"இல்லை. கழுத்தில உறையும் இல்லை. கடலுக்கதான் போயிருக்கும். ஏன்?"

"நீங்கள் அவளைப் பாத்த நேரம்..."

"அதைக் கேக்காதை நிஷா."

"உள்ள போய்ப் பாத்தனீங்களோ, வெளியில நிண்டோ?"

அந்தப் பக்கம் தெருவில் மோட்டார் சைக்கிள் ஒன்று போனது. "கண்ணாடிக்கு வெளியில. என்னால உள்ள போக ஏலாமல் போச்சு. ஒரு சொல்லும் கதைக்கேல்லை நான். அப்பாவுக்கும் சொல்லேல்லை. உனக்கு ஆர் சொன்னது?"

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

பெரியப்பாவிடம் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டப் போனபோது, திரையில் அது இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அவர் அவளுடைய தலையில் கை வைத்தார். "நித்திரை கொள்ளு பிள்ளை. நாங்கள் எல்லாரும் நித்திரை இல்லாமல் இருக்கிறம்."

"பெரியம்மாவுக்குச் சொல்லிவிடுவம் பெரியப்பா. இப்பவே சொல்லுவம்."

"சொன்னால் அவள் இல்லை," என்றார் அவர். "எனக்கு இனி இருக்கிறது அவளும் சுஜியும் நீயும்தான்."

சனிக்கிழமை பின்னேரம் பெரியப்பா பூசை விஷயமாகச் சுவாமியோடு கதைக்கக் கோயிலுக்குப் போனார். ஒரு மணித்தியாலத்தில் வருவேன் என்றார். கார் திரும்பும் வெளிச்சம் யன்னல் சீலையைக் கடந்து போயிற்று. வெளியே மழை இல்லை. ஆனால் வீட்டு யன்னல்கள் எல்லாம் உட்பக்கமாக வியர்த்து, தண்ணீர் கோடு கோடாக இறங்கி, சட்டத்தில் தேங்கி, சொட்டிக்கொண்டிருந்தது. நிஷானி மடிக்கணினியை மின்சாரத்திலிருந்து கழற்றி, துணியில் சுற்றி, பின்வளவில் கிடந்த குப்பைத் தொட்டிக்குள் போட்டு மூடினாள். உள்ளே வந்து ஜெனிற்றாவின் அறை விளக்கை அணைத்தாள். கதவைச் சாத்தினாள். நிலத்துத் துவாரங்கள் எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டன.

பெரியம்மாவின் அறையில் அவருடைய மூச்சும் அப்படியே கேட்டது. உள்ளே போகும்போது கொப்பளிப்பு. வெளியே வரும்போது கொப்பளிப்பு. உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. நிஷானி தலையணைகளை அடுக்கி அவரை நிமிர்த்தி இருத்தினாள். தன் போனை எடுத்து அம்புலன்ஸை அழைத்தாள். விலாசம் சொன்னாள். வயது, சத்திரசிகிச்சை, மூச்சு. வந்துகொண்டிருக்கிறோம், பக்கத்திலேயே இருங்கள் என்றாள் அழைப்பை எடுத்த பெண்.

"ஏன் பிள்ளை அவையைக் கூப்பிட்டனி," என்றார் பெரியம்மா. "இண்டைக்குப் பிள்ளை வாற நாள். நான் ஆஸ்பத்திரியில போய்க் கிடக்கிறதோ?"

அப்போது அவருடைய போன் ஒலித்தது.

ஜெனிற்றா. வீடியோ அழைப்பு.

"எடுக்காதேங்கோ." நிஷானி கையை நீட்டினாள்.

பெரியம்மா எடுத்துவிட்டார்.

"ஓம் பிள்ளை. ஓம், கேக்குது. உன்னைத் தெரியேல்லை. ஒரே இருட்டாக் கிடக்கு. லைற்றைப் போடு."

கொரிடோருக்கு அப்பால் சுவிட்ச் ஒன்றைத் தட்டும் ஓசை கேட்டது.

நிஷானி பார்த்தாள். ஜெனிற்றாவின் அறைக் கதவுக்குக் கீழே, மஞ்சளாக, ஒரு கோடு.

"ஆ, இப்ப தெரியுது. ஏன் பிள்ளை இப்பிடி நனைஞ்சு போய் நிக்கிறாய்? தலையைத் துவட்டேல்லையே?"

மஞ்சள் கோட்டின் நடுவில் இரண்டு நிழல்கள். கால் அளவில்.

"பெரியம்மா. போனை வையுங்கோ. அது ஜெனி இல்லை. ஜெனி..."

பெரியம்மா போனின் அடியில் குரல் போகும் துளையைக் கட்டைவிரலால் பொத்தினார். நிஷானியைத் தன் பக்கம் இழுத்தார். வீங்கிய அந்த விரல்களில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஸ்ஸ்," என்றார். "எனக்குத் தெரியும்."

நிஷானி போனை விட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"ஞாயிற்றுக்கிழமையே தெரியும் பிள்ளை. உன்ரை பெரியப்பா கராஜுக்க காருக்குள்ள இருந்து குழறி அழுதவர். எனக்கு வெட்டினது நெஞ்சை, காதையில்லை." சிரித்தார். சிரிப்பு கொப்பளித்தது. "நீ எழுதினதும் தெரியும். மருந்து குடிச்சீங்களோ எண்டு கேட்டனி. என்ரை பிள்ளை பிறந்ததுக்கு ஒரு நாள் அப்பிடிக் கேட்டவளே? அண்டைக்கு இரவே நான் சும்மா, அழுதுகொண்டு, எங்கயம்மா நிக்கிறாய் எண்டு எழுதினன். அதுக்கு மறுமொழி வந்தது. அது நீ இல்லை."

கதவு திறக்கும் ஓசை. பழைய பிணைச்சல்.

"அவளுக்குத்தான் தெரியாது நிஷா," என்றார் பெரியம்மா. கண்கள் மின்னின. "தான் இன்னும் உயிரோட அங்க நிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். நீ எழுதின எல்லாத்தையும் நம்பிப்போட்டாள். அதாலதான் வாறாள். அறிஞ்சால் வரமாட்டாள். ஒண்டும் சொல்லிப்போடாதை. என்னோட வந்து படுக்கட்டும்."

கட்டைவிரலை எடுத்தார். போனைத் தன் முழங்காலில் நிறுத்தி வைத்தார், நிஷானிக்கும் தெரியும்படி.

திரையில் ஜெனிற்றாவின் முகம் இல்லை. இப்போது அது எதையோ காட்டிக்கொண்டு வந்தது. கம்பளம். கொரிடோர்ச் சுவர். சுவரில், வெள்ளை உடுப்பில் கோயிலில் முதல் நன்மை வாங்கிய படங்கள், ஒன்று ஜெனிற்றா, ஒன்று நிஷானி. படம் மெதுவாக ஆடியது. நடக்கிறவள் கையில் இருக்கும் போனைப் போல. கண்ணாடியில் நீர் வழிந்தது.

ஈரக் கம்பளத்தில் கால் பதியும் ஓசை. பின்னால்.

திரையில் இந்த அறையின் வாசல் வந்தது. கட்டில் வந்தது. கட்டிலில் பெரியம்மா. பக்கத்தில், திரும்பாமல் நிற்கும் ஒருத்தியின் முதுகு.

நிஷானியின் முதுகு.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. மணம் முதலில் வந்தது. அதன் பிறகு குளிர். முதலில் கணுக்காலில். பிறகு முழங்காலில். தண்ணீருக்குள் இறங்குவதைப் போல, கீழிருந்து மேலே.

பெரியம்மா போர்வையைத் தூக்கி, படுக்கையில் இடம் விட்டார். "வா பிள்ளை. குளிருதெண்டனி. வந்து படு." அவருடைய வாயோரத்தால் தண்ணீர் இறங்கியது. தெளிந்த தண்ணீர். தாடையால் வழிந்து, இரவுச் சட்டையின் கழுத்தை நனைத்து, தையலை நனைத்து. தலையணை கருத்துக்கொண்டு வந்தது. மூச்சு இழுத்தார். காற்றுப் போகவில்லை. குமிழி மட்டும் வந்தது. அப்போதும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கைகள் இரண்டும் விரிந்திருந்தன.

அது இந்தக் கட்டிலில் ஏறினால். இந்தக் கைகளுக்குள் வந்தால், பெரியம்மா இல்லை.

தூரத்தில் சைரன். மிகத் தூரத்தில். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்.

"நிஷா."

குரல் போனிலிருந்தும் வந்தது. அவளுடைய பிடரிக்குப் பின்னாலிருந்தும் வந்தது. ஒரே நேரத்தில்.

"நிஷா, நீயெண்டாலும் சொல்லடி. ஏன் ஒருத்தரும் என்னோட கதைக்கினம் இல்லை? எனக்கு என்ன நடந்தது?"

பெரியம்மா தலையை ஆட்டினார். வேண்டாம். வேண்டாம். பேசக் காற்று இல்லை. கண்களால் கெஞ்சினார். நிஷானியின் வாழ்நாளில் பெரியம்மா அவளிடம் ஒன்றையும் கெஞ்சியதில்லை.

திரையில் முதுகு பெரிதாகியது. பின்னல். பிடரி. காது. பிறகு படம் திரும்பியது. போனைப் பிடித்திருந்த கை அதைத் தன் முகத்துக்குத் திருப்பியது. நிஷானியின் தோளுக்குமேல் ஈரமுடி. ஊறி வெளுத்த கன்னம். மணல் ஒட்டிய இமைகள். அந்தக் கண்கள் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தன. கோபமில்லை. விளையாட்டில் இருந்து விலக்கப்பட்ட பிள்ளையின் கண்கள்.

நிஷானி வாயைத் திறந்தாள். குரல் அவள் நினைத்ததைவிடத் தெளிவாக வந்தது.

"நீ செத்துப்போனாய் ஜெனி. போன சனிக்கிழமை. கடலில தாண்டு செத்துப்போனாய்."

திரையில், அவளுடைய தோளுக்குமேல், அந்த முகம் அதை முதன்முறையாகக் கேட்டது.